வெஸ்ட்டைக் கழட்டி வச்சுட்டுப் போங்கண்ணே!

காலையில அஞ்சரைக்கெல்லாம் டிப்போவுக்கு வந்து நிக்கணுமாம். பாதுகாப்பு வாரமாம். வந்தா, "உத்தாமாக்கான் கெசெலாமாத்தான்"னு, அதான் பாதுகாப்புக்கு முதலிடம் குடுங்கன்னு மலாய்ல, பளபளன்னு பேனர். எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலையை ஏத்துற எங்க லோரிக்கு டயர் வாங்கக் காசு இல்ல, பேனர் அடிக்க மட்டும் எங்கிருந்துதான் வருதோ.

ஆபீஸ் பொண்ணு ஒரு பெட்டியைத் தூக்கிட்டு வந்துச்சு. உள்ள, சட்டைக்கு மேல மாட்டுற புத்தம்புது பாதுகாப்பு வெஸ்ட், பிளாஸ்டிக் உறையே பிரிக்கல. மாட்டிக்கிட்டோம். "அண்ணே, அந்த விலைச்சீட்டை உள்ள தள்ளுங்க, படத்துல தெரியுது." தள்ளியாச்சு. உயரமானவங்க பின்னால, குட்டையானவங்க முன்னால. "அங்கிள், கொஞ்சம் சிரிங்க." எதுக்கு லா சிரிக்கணும்? ராத்திரி பத்து மணி வரைக்கும் எண்ணெய் மில் வாசல்ல கியூவுல கிடந்தவன் அந்த மனுஷன். ஒருத்தர் கண்ணை மூடிட்டாராம், மறுபடியும் எடு. தவுக்கே, அதான் எங்க முதலாளி, இன்னும் வரல, வந்ததும் மறுபடியும் எடு. வந்தாரு, நட்டநடுவுல நின்னாரு, கட்டை விரலைத் தூக்கினாரு. அப்புறம் சூப்பர்வைசர் உறுதிமொழி வாசிக்க, நாங்க கையைத் தூக்கிக்கிட்டுத் திருப்பிச் சொன்னோம். களைப்பா இருந்தா வண்டி ஓட்ட மாட்டோமாம். பழுதான வண்டியைத் தொட மாட்டோமாம். அளவுக்கு மேல பாரம் ஏத்த மாட்டோமாம். அடேங்கப்பா!

எல்லாம் முடிஞ்சதும் அந்தப் பொண்ணு சொல்லுது: "வெஸ்ட்டைக் கழட்டிப் பெட்டியில வச்சுட்டுப் போங்கண்ணே, அடுத்த டிப்போவுல போட்டோ எடுக்க வேணும்."

கழட்டிக் குடுத்தோம். எண்ணிப் பார்த்தா ஒண்ணு குறையுதாம். அது கிடைக்கிற வரைக்கும் யாரும் கிளம்பக்கூடாதாம்! கடைசியில அது எங்க இருந்துச்சு தெரியுமா? தவுக்கே மேலேயே இருந்துச்சு. காருக்குள்ள ஏசி போட்டு உக்காந்திருக்காரு, வெஸ்ட்டோட.

இத்தனைக்கும் தோட்டத்துக்குள்ள நுழையிறதுக்குள்ள போன். "இன்னும் லோட் ஏத்தலையா? என்னா பண்ணிக்கிட்டு இருக்கே?" யாரு? உறுதிமொழி வாசிச்ச அதே சூப்பர்வைசர்.

அவன்கிட்டதான் என் பின்பக்க டயரைக் காட்டினேன். மொட்டைன்னா சாதாரண மொட்டை இல்ல, ரப்பர் தேஞ்சு உள்ள இருக்கிற கம்பி எட்டிப் பார்க்குது. விரலால தடவிப் பார்த்துட்டு, "இன்னும் ஒரு வாரம் தாங்கும் லா"ங்கிறான். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வண்டிச் சோதனை வருதே, அன்னைக்கு மட்டும் எங்கிருந்தோ நல்ல டயர் வந்து மாட்டிக்கும். பாஸ் ஆனதும் கழண்டுக்கும். வெஸ்ட் மாதிரியேதான்.

எங்களுக்கு டன் கணக்குலதான் காசு. மில் வாசல்ல காத்துக் கிடக்கிற நேரத்துக்குச் சல்லிக்காசு கிடையாது. செம்பனைக் குலையை வெட்டின 24 மணி நேரத்துக்குள்ள மில்லுல சேர்க்கணும், இல்லாட்டி எண்ணெய்ல அமிலம் ஏறி விலை போயிடும். பழம் கெட்டுடக்கூடாதுன்னு எத்தனை கவலை! ஓட்டுறவன் தூங்கினானான்னு ஒருத்தனாவது கேட்டிருப்பானா? பலகைக்கு மேல கோபுரமா அடுக்கிட்டு வலையைப் போட்டு மூடினா பாரம் குறைஞ்சுடுமா? சாலைப் போக்குவரத்து இலாகா, அதான் ஜேபிஜே, எங்க நிக்குதுன்னு தகவல் சொல்ற தொந்தோவுக்கு மாசாமாசம் படியளக்கத் தெரியுது. டயர்னா மட்டும் "அடுத்த மாசம் பார்க்கலாம்."

2025 மே 13. எங்க ஊர்க்காரங்களுக்கு இதுக்கு மேல சொல்ல வேண்டாம். மலேசியாவுல, பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தான்ல சித்ரா பௌர்ணமி பந்தோபஸ்து முடிஞ்சு திரும்பிக்கிட்டு இருந்த கலகத் தடுப்புப் போலீஸ்காரங்க 9 பேர் விபத்துல செத்துப்போனாங்க. அவங்க வண்டியோட மோதினது கல் ஏத்தின லோரி. விசாரணையில என்ன வந்துச்சு? ஸ்டீரிங் கோளாறு, அளவுக்கு மீறின பாரம். அந்த ரோட்டுலதான் நாங்களும் ஓட்டுறோம். பத்து நாள் எல்லாரும் தவுக்கேகிட்ட நல்லா பேசினாங்க, தவுக்கேவும் எங்ககிட்ட நல்லா பேசினாரு. அப்புறம் குலை சீசன் வந்துடுச்சு.

அதே வருஷம் அக்டோபர்ல இருந்து லோரிக்கெல்லாம் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி படிப்படியா கட்டாயம்னாங்க. மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல வண்டி போகாதாம். நல்லது, வரவேற்கிறேன். ஆனா எங்க தோட்டத்து ரோட்டுல நாப்பதுல போனாலே பல்லு ஆடும். அந்தக் கருவியை தவுக்கே போனுக்கு ஒண்ணு மாட்டிவிடுங்க, புண்ணியமாப் போகும்.

சாயங்காலம் போட்டோ வாட்சப் குரூப்புல வந்துச்சு. கீழ "நமது ஓட்டுநர்கள், நமது குடும்பம்"னு எழுதியிருக்கான். குடும்பமாம்! அபராதச் சம்மன் வந்தா மட்டும் ஓட்டுநர் பேரு. அந்த அங்கிள் சிரிக்கவே இல்ல, கடைசி வரைக்கும். எனக்குத்தான் அதைப் பார்த்துச் சிரிப்பு வந்துடுச்சு.

நாளைக்கு நாலு மணிக்கு எந்திரிக்கணும். இப்ப மணி பதினொண்ணு. பக்கத்து வீட்டுக்காரன் கராவோக்கே போட்டுட்டான். பாடட்டும், வேணாம்னு சொல்லல. ஆனா அந்த ஒரே பாட்டு, அதுலயும் ரெண்டாவது சரணம் தெரியாது, "லா லா லா"ன்னு இழுத்துட்டுத் திரும்பப் பல்லவிக்கே வர்றான் பாரு...