வாட்ச்மேன் அண்ணனுக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா?

இந்த வருடம் பிள்ளைகளை ஹாஸ்டலில் சேர்க்கப் போகிற பெற்றோருக்கும், கல்லூரிகளில் பொறுப்பில் இருக்கிற நண்பர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். முழுசாகப் படித்துவிடுங்கள்.

சேலத்தில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. கருப்பூர் பக்கம் பெரியார் பல்கலைக்கழகம், அரசு பொறியியல் கல்லூரி, நகரைச் சுற்றித் தனியார் கல்லூரிகள், மேலே ஏற்காட்டில் விடுதியோடு கூடிய கல்வி நிலையங்கள். ஹாஸ்டல் இருந்தால் மெஸ் இருக்கும், மெஸ் இருந்தால் பின்னால் ஒரு சிலிண்டர் ரூம் இருக்கும். வேதியியல் லேபுக்கு வெளியே தனியாக இன்னொன்று இருக்கும். நகரத்துக்குள் குழாய் கேஸும் வர ஆரம்பித்துவிட்டது. கேஸ் லீக் ஆனால் என்ன செய்வது என்ற திட்டம் மட்டும், நான் பார்த்த பல இடங்களில், ஆய்வுக்குழு வரும்போது எடுத்துக்காட்டுகிற ஃபைலுக்குள்தான் இருக்கிறது.

என் கருத்து ஒன்றே ஒன்று. ராத்திரி இரண்டு மணிக்கு மெஸ் பக்கம் கேஸ் வாசம் வந்தால், அங்கே நிற்கிற வாட்ச்மேன் யாரையும் கேட்காமல் வால்வை மூடலாமா, கரண்டை நிறுத்தலாமா, ஹாஸ்டலைக் காலி பண்ணலாமா? முடியும் என்றால் அந்தக் கல்லூரியில் திட்டம் இருக்கிறது. ஒருத்தருக்கு போன் போட்டு அனுமதி வாங்கித்தான் செய்ய வேண்டும் என்றால், ஃபைல் எத்தனை பக்கம் இருந்தாலும் திட்டம் இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் நடந்தது இது. பெயர் வேண்டாம். நடுராத்திரியில் வாட்ச்மேன் வார்டனுக்கு போன் போட்டிருக்கிறார். “சார், மெஸ் பின்னாடி கேஸ் வாசம் பலமா வருதுங்க.” வார்டன் தூக்கக் கலக்கத்தில், “நீங்க உள்ள போய் பாத்துட்டு சொல்லுங்கண்ணே” என்றிருக்கிறார். சிலிண்டர் ரூமுக்குப் பூட்டு. சாவி மெஸ் கான்ட்ராக்டரிடம். அவர் போனை எடுக்கவில்லை. கடைசியில் மெஸ்ஸில் வேலை செய்கிற வடமாநிலத்துப் பையன் ஒருவன் எழுந்து வந்து பூட்டை உடைத்து, மெயின் வால்வைத் திருகி மூடியிருக்கிறான். அவ்வளவு நேரமும் இருநூறு பிள்ளைகளுக்கு மேல் மேலே தூங்கிக்கொண்டிருந்தார்கள். நல்லவேளையாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் விசாரணை நடந்தது. யார் அனுமதியில் பூட்டை உடைத்தீர்கள் என்று அந்த இரண்டு பேரிடம்தான் விளக்கம் கேட்டார்கள்.

இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. அடுத்த முறை வாசம் வந்தால் அந்த வாட்ச்மேன் என்ன செய்வார்? போன் போட்டுவிட்டுக் காத்திருப்பார். அவரை அப்படிக் காத்திருக்கப் பழக்கியது நிர்வாகம்தான்.

காத்திருக்கிற நேரத்தில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மெஸ்களில் இருப்பது 19 கிலோ சிலிண்டர். அது முழுதும் வெளியேறினால் எட்டு கன மீட்டருக்கு மேல் வாயு. சிலிண்டரில் இருக்கிற எல்பிஜி வாயு காற்றில் ஏறத்தாழ 2 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். அப்படியென்றால் ஒரு சிலிண்டர், 400 கன மீட்டர் இடத்தையே வெடிக்கிற நிலைக்குக் கொண்டுவரப் போதும். ஒரு பெரிய மெஸ் சமையலறையும் அதை ஒட்டிய சாப்பாட்டுக் கூடமும் சேர்ந்தால் சுமார் அந்த அளவு வரும். ஒரே பைப்பில் எட்டு, பத்து சிலிண்டர் கோத்து வைத்திருக்கிற இடங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. 2021 நவம்பரில் சேலம் கருங்கல்பட்டியில் ஒரு வீட்டில் கேஸ் வெடித்து, அக்கம்பக்கத்து வீடுகளும் சேர்ந்து இடிந்து விழுந்ததே, உயிர்கள் போனதே, அந்தத் தெருவைப் பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு வீட்டு கேஸுக்கே அந்த நிலைமை.

இப்போது குழாய் கேஸ் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் பெரிய குழப்பம் வரப்போகிறது என்று பயப்படுகிறேன். நாம் பழகியிருக்கிற எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து, பள்ளமான இடத்தில், சாக்கடையில் போய்த் தேங்கும். குழாயில் வருகிற இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். அது காற்றில் பாதி கனம்தான் இருக்கும். மேலே ஏறி, கூரைக்குக் கீழே சேரும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்தால் வெடிக்கும். எல்பிஜிக்காகக் கதவுக்குக் கீழே விட்ட இடைவெளி இதற்கு உதவாது. கூரையை ஒட்டிய வெண்டிலேட்டர் திறந்திருக்க வேண்டும். நம் ஹாஸ்டல்களில் அந்த வெண்டிலேட்டரைத்தான் கொசுவுக்குப் பயந்து அட்டை வைத்து அடைத்திருக்கிறோம்! கேஸ் டிடெக்டரும் அப்படித்தான். எல்பிஜி என்றால் தரைக்குப் பக்கத்தில், மீத்தேன் என்றால் கூரைக்குப் பக்கத்தில் பொருத்த வேண்டும். சிலிண்டரிலிருந்து குழாய்க்கு மாறுகிற மெஸ்ஸில் டிடெக்டரை இடம் மாற்றாவிட்டால் அது சுவரில் சும்மாதான் இருக்கும். எழுபது, எண்பது பேருக்குச் சமைத்துக்கொண்டே “கேஸ் கீழதான் இறங்கும்” என்று பல வருடமாகப் பழகிய மாஸ்டரிடம், இனிமேல் அப்படி இல்லை என்று யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

இன்னொன்று, மண்ணுக்கடியில் குழாய் உடைந்தால் கேஸ் உடைந்த இடத்திலேயே வெளியே வரும் என்று சொல்ல முடியாது. கேபிள் போகிற பள்ளம், சாக்கடை, அஸ்திவாரத்து இடுக்கு என்று வழி தேடிப் போய் வேறொரு கட்டடத்துக்குள் ஏறும். மண்ணைத் தாண்டி வரும்போது, எச்சரிக்கைக்காகச் சேர்க்கிற அந்த நாற்றமும் குறைந்துபோகலாம். அதனால் வாசம் வந்த கட்டடத்தை மட்டும் காலி பண்ணினால் போதாது. வளாகத்துக்குள் ஜேசிபி நுழைகிற ஒவ்வொரு நாளும் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்ற வரைபடம் ஓட்டுநர் கையில் இருக்க வேண்டும். தோண்டுவதற்கு முன் தகவல் சொல்வதற்கென்றே 2023-ல் மத்திய அரசு ஒரு செயலி கொண்டுவந்திருக்கிறது. அதைப் பயன்படுத்தச் சொல்லி ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்தால் செலவு ஒன்றும் கூடாது.

நாற்றம் என்றதும் ஒரு பழைய துயரத்தைச் சொல்ல வேண்டும். இயற்கை எரிவாயுவுக்குத் தானாக வாசமே கிடையாது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடம் வெடித்து ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். செலவை மிச்சம் பிடிக்க, எண்ணெய் வயலிலிருந்து வருகிற கழிவு எரிவாயுக் குழாயில் பள்ளி இணைப்பு எடுத்திருந்தது. கசிந்த வாயு கட்டடத்துக்கு அடியில் சேர்ந்தது யாருக்கும் தெரியவில்லை. பட்டறை வகுப்பில் ஆசிரியர் ஒரு மின்சார இயந்திரத்தின் சுவிட்சைப் போட்டார். அந்தப் பொறி போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகுதான் அங்கே எரிவாயுவில் வாசம் சேர்க்க வேண்டும் என்ற சட்டம் வந்தது. இன்றைக்கு நம் மூக்கில் ஏறுகிற அந்த அழுகிய நாற்றத்துக்குப் பின்னால் அத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள். அந்த நாற்றத்தை உணர்ந்த பிறகும் ஒருவர் அனுமதிக்காகக் காத்திருந்தால் நாம் என்ன கற்றுக்கொண்டோம்? மூக்கும் ரொம்ப நேரம் உதவாது. சில நிமிடங்களில் பழகிவிடும். “இப்ப வாசம் குறைஞ்சிடுச்சு சார்” என்ற வார்த்தையை நம்பி யாரையும் திரும்ப உள்ளே அனுப்பக் கூடாது.

சுவிட்ச் பற்றி மெஸ் ஆட்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாசம் வந்ததும் கை தானாக எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சுக்குத்தான் போகும். போடவும் கூடாது, ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்தவும் கூடாது. இரண்டிலும் பொறி வரும். ஃபிரிட்ஜ் தானாக ஓடும், தானாக நிற்கும், அதுவும் பொறிதான். ஆகவே கரண்டை நிறுத்துவதென்றால் கட்டடத்துக்கு வெளியே, தள்ளி இருக்கிற மெயினில்தான் நிறுத்த வேண்டும். நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு: மெயினை நிறுத்தியதும் பவர் கட் என்று நினைத்து ஜெனரேட்டர் தானாகக் கிளம்பிவிடும். அது தானாகக் கிளம்பாதபடி முதலில் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் மெயினைத் தொட வேண்டும். இந்த வரிசை எலக்ட்ரீஷியனுக்குத் தெரியும், வாட்ச்மேனுக்குத் தெரியாது. ராத்திரியில் எலக்ட்ரீஷியன் வீட்டில் இருப்பார்.

கரண்ட் மணி அடிக்க முடியாது, லிஃப்ட் கூடாது, உள்ளே நின்று போன் பேசக் கூடாது. அப்படியானால் பிள்ளைகளை எப்படி எழுப்புவது? பழைய பள்ளிக்கூடங்களில் மரத்தில் தொங்கவிட்டு அடிப்பார்களே, தண்டவாளத் துண்டு, அது போதும். கட்டடத்தை விட்டுத் தள்ளி கேட் பக்கம் ஒன்று கட்டி வையுங்கள். ஒவ்வொரு மாடிக்கும் இரண்டு பிள்ளைகளிடம் விசில் கொடுங்கள்.

அப்புறம் பூட்டு. பெண்கள் ஹாஸ்டல்களில் ராத்திரி கிரில் கேட்டை வெளியே பூட்டி, சாவியை வார்டன் அறையில் வைக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. பாதுகாப்புக்காகப் பூட்டுகிறோம் என்பார்கள். எனக்கும் மகள் இருக்கிறாள், அந்தக் கவலை புரிகிறது. ஆனால் உள்ளிருந்து திறக்க முடியாத கேட் எதற்கும் பாதுகாப்பு இல்லை. உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்து, திறந்தால் வாட்ச்மேனுக்குத் தெரிகிற மாதிரி செய்ய எத்தனையோ வழி இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் எந்தச் சமாதானத்தையும் ஏற்காதீர்கள்.

வெளியே வந்தவர்கள் எங்கே கூடுவது? பல இடங்களில் கூடுமிடம் என்ற பச்சைப் பலகையை மெஸ்ஸுக்கு எதிரே இருக்கிற பார்க்கிங்கில் நட்டிருக்கிறார்கள். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் நகர வேண்டும். ஆடியில் அடிக்கிற காற்றும் ஐப்பசியில் அடிக்கிற காற்றும் ஒரே திசை இல்லை. எதிரெதிரே இரண்டு இடம் வேண்டும், கம்பத்தில் ஒரு துணி கட்டியிருந்தால் எதற்குப் போவது என்று தெரிந்துவிடும். அன்றைய ராத்திரி யார் யார் அறையில் இருக்கிறார்கள், யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்ற பட்டியலைக் காகிதத்தில் எடுத்து கேட்டில் வைக்க வேண்டும். பயோமெட்ரிக் கணக்கு கம்ப்யூட்டருக்குள் இருந்தால் கரண்ட் இல்லாதபோது யாருக்கும் உதவாது. ஊன்றுகோலோடு நடக்கிற பிள்ளை எந்த மாடியில் இருக்கிறது, யார் கைத்தாங்கலாகக் கூட்டி வருவது என்பதும் அந்தக் காகிதத்திலேயே இருக்கட்டும்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் தனியாகச் சில வார்த்தை. மலைச்சரிவில் படிப்படியாகக் கட்டிய இடங்களில் சிலிண்டர் ரூம் மேல் தட்டிலும் பிள்ளைகள் தூங்குகிற கட்டடம் கீழ்த் தட்டிலும் இருந்தால், கசிகிற எல்பிஜி மழைத்தண்ணீர் மாதிரி படிவழியே கீழேதான் இறங்கும். குளிருக்கு ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும். சேலத்திலிருந்து வண்டி வர வேண்டுமென்றால் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும், பனிமூட்டம் இருந்தால் இன்னும் நேரம் ஆகும். அதனால் முதல் அரைமணி நேரத்தை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். சிலிண்டர் ரூமைக் கீழ்த் தட்டுக்கு மாற்றுவது பெரிய செலவில்லை. இந்த விடுமுறையிலேயே செய்துவிடலாம்.

குழாய் கேஸ் நிறுவனம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று சிலர் சொல்கிறார்கள். நிறுவனங்கள் அவசரகாலத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்று 2010-லேயே விதிமுறை வந்துவிட்டது, உண்மைதான். உங்கள் கிரில் சாவி யாரிடம் இருக்கிறது என்பது அவர்கள் திட்டத்தில் வராது.

பெற்றோர்களே, அட்மிஷனுக்குப் போகும்போது மெஸ் சாப்பாடு எப்படி என்று கேட்கிறோம், வைஃபை உண்டா என்று கேட்கிறோம். மெஸ் பின்பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். சிலிண்டர் ரூம் பூட்டியிருந்தால் ராத்திரியில் சாவி யாரிடம் என்று கேளுங்கள். சுவரில் எல்பிஜி கசிவுக்கான 1906, தீயணைப்புக்கு 101, அவசர உதவிக்கு 112 எழுதியிருக்கிறதா, மெஸ் பையன்கள் படிக்கிற இந்தியிலோ ஒடியாவிலோ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வாட்ச்மேனிடம், “அண்ணா, கேஸ் வாசம் வந்தா முதல்ல என்ன பண்ணுவீங்க?” என்று கேளுங்கள். அவர் சொல்கிற பதிலை வைத்து முடிவெடுங்கள்.

நிர்வாகத்தில் இருக்கிற நண்பர்களுக்கு: ஒரே ஒரு பக்கத்தில் உத்தரவு போடுங்கள். கேஸ் வாசம் உணர்கிற யாரும், எந்த நேரமும், வால்வை மூடவும் பூட்டை உடைக்கவும் ஹாஸ்டலைக் காலி பண்ணவும் அதிகாரம் உண்டு, தவறான எச்சரிக்கையாக இருந்தாலும் விளக்கம் கேட்கப்படாது என்று கல்லூரி முதல்வர் கையெழுத்தோடு மெஸ்ஸிலும் கேட்டிலும் ஒட்டுங்கள். கடிதம் கொடுத்தால் தீயணைப்புத் துறையினர் வந்து ஒத்திகை நடத்திக் கொடுப்பார்கள். ஹாஸ்டல் திறக்கிற முதல் வாரத்திலேயே அவர்களை அழையுங்கள், ஒத்திகையைச் சாயங்காலம் மைதானத்தில் போட்டோவுக்காக நடத்தாமல் ராத்திரியில் நடத்துங்கள். வால்வை மூடிக் காட்டச் சொல்லும்போது வாட்ச்மேனையும் மெஸ் பையன்களையும் முதலில் கூப்பிடுங்கள்.