வீட்டில் பிள்ளை பார்க்க லைசன்ஸ் கட்டாயமா?

“ஒன்ராறியோவில் லைசன்ஸ் இல்லாமல் வீட்டில் ஒரு பிள்ளையைக்கூடப் பார்க்க முடியாது” என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. இதை நம்பி, நன்றாகப் பிள்ளை பார்க்கும் ஒருவர்கூட வேலையைக் கைவிட வேண்டாம். இந்தக் கனடிய மாகாணத்தின் 2014ஆம் ஆண்டுப் பிள்ளைப் பராமரிப்புச் சட்டப்படி, 13 வயதுக்குட்பட்ட 5 பேர் வரை லைசன்ஸ் இல்லாமலே பார்க்கலாம். அதில் 2 வயது ஆகாதவர்கள் 3 பேருக்கு மேல் கூடாது.

பலர் சறுக்குவது அடுத்த கணக்கில்தான். 4 வயது ஆகாத சொந்தப் பிள்ளையும் அந்த ஐந்தில் சேரும். மூன்று வயது மகள் வீட்டில் ஓடித் திரிகிறாளா? சரி, அப்போது வெளிப்பிள்ளைகள் நான்கு பேர்தான். அக்கா துணைக்கு வந்து நின்றாலும் ஐந்து என்ற வரம்பு உயராது. அப்புறம், லைசன்ஸ் இல்லை என்பதைப் பெற்றோருக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியைப் பத்திரமாக வையுங்கள். ஆறாவது பிள்ளையைச் சேர்க்க, வீட்டுப் பிள்ளைப் பராமரிப்புக்கு லைசன்ஸ் பெற்ற ஏஜென்சியோடு இணைய வேண்டும்.