வேட்டையைத் தடை செய்யச் சொல்லும் முன் அந்த ஊர்க்காரரைக் கேளுங்கள்

செத்த சிங்கத்தின் பிடரியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் மண்டியிட்டுச் சிரிக்கும் ஒருவரின் படம் அடிக்கடி நம் டைம்லைனில் சுற்றுகிறது. கீழே வரிசையாகச் சாபங்கள். எனக்கும் அந்தப் படத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. காசு கொடுத்து ஓர் உயிரைக் கொன்று அதன் தலையைச் சுவரில் மாட்டி வைப்பதில் என்ன சந்தோஷம் இருக்க முடியும் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை, புரிந்துகொள்ளும் விருப்பமும் இல்லை. ஆனாலும் ஆப்பிரிக்காவில் டிராபி வேட்டையை, அதாவது இப்படிக் காசு கொடுத்துச் சுட்டுத் தலை, தோல் என்று எடுத்துக்கொண்டு போகும் வேட்டையை, மொத்தமாகத் தடை செய்யச் சொல்லி வரும் மனுக்களில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு இன்பாக்ஸில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான்.

நம்மில் பலருக்கு இந்த விவகாரம் தெரியவந்தது 2015இல், செசில் செத்தபோது. ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே தேசியப் பூங்காவில் இருந்த கறுப்புப் பிடரிச் சிங்கம் அது. 13 வயது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை மாட்டித் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். பூங்கா எல்லைக்கு வெளியே இரை வைத்து வரவழைத்து, அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பல் மருத்துவர் இரவில் அம்பால் அடித்தார். அம்பு பட்ட சிங்கம் உடனே சாகவில்லை. மறுநாள்தான் தேடிப் பிடித்துக் கொன்றார்கள். அந்த நிலத்தில் சிங்கத்தைச் சுட அனுமதி ஒதுக்கீடே கிடையாது என்று அரசு சொன்னது, வழக்கும் போட்டது, அடுத்த வருஷமே அந்த வேட்டையை நடத்திய வழிகாட்டி மீதான வழக்கை நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்து செசிலின் மகன் ஸாண்டாவும் அதே பூங்காவின் எல்லைக்கு வெளியே சுடப்பட்டது. இதெல்லாம் நடந்தது, இதற்கான கோபம் நியாயமானது.

ஆனால் அதே 2015இல், அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஒரு ஜிம்பாப்வே மாணவர் அங்குள்ள பத்திரிகை ஒன்றில், சிங்க பயத்தோடு வளர்ந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு சிங்கம் செத்தது நிம்மதிச் செய்தி என்கிற பொருளில் எழுதினார். நம்மில் எத்தனை பேர் அதைப் பகிர்ந்தோம்? செசிலுக்கு உலகம் முழுக்க அழுதார்கள். ஆட்டையும் மாட்டையும் சிங்கத்திடம் இழந்தவர்களின் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

வேட்டை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் ஜீப்பில் ஏறிக் கண்ணில் பட்டதையெல்லாம் சுட்டுத் தள்ளுவார்கள் என்றுதான் நிறையப் பேர் நினைத்திருக்கிறார்கள். உரிமம் உள்ள தொழில்முறை வேட்டைக்காரர் ஒருவர் கூடவே வருவார், புரொஃபஷனல் ஹன்டர் என்பதைச் சுருக்கி அங்கே எல்லோரும் அவரை பி.எச். என்றுதான் சொல்வார்கள். தடம் பார்க்கும் உள்ளூர்க்காரர்கள் இருப்பார்கள், பல நாடுகளில் அரசுக் காவலரும் உடன் போவார். நாள் கணக்கில் ஒரு கட்டணம், விலங்கு விழுந்தால் தனிக் கட்டணம். காயத்தோடு தப்பி ஓடினாலும் பொதுவாகப் பணம் கட்டியாக வேண்டும். சிறுத்தைக்கு மரக்கிளையில் இம்பாலா மானைக் கட்டித் தொங்கவிட்டு மறைவில் காத்திருப்பார்கள். எருமைக்கும் யானைக்கும் நடைதான். தடம் பார்ப்பவர் கையில் ஒரு சின்னத் துணிப் பை இருக்கும், உள்ளே சலித்த சாம்பல். நடக்க நடக்க அதைத் தட்டிப் பார்த்துக்கொண்டே போவார். சாம்பல் எந்தப் பக்கம் மிதக்கிறதோ அதுதான் காற்று. அது யானை நிற்கும் பக்கம் திரும்பிவிட்டால் அத்தனை பேரும் பின்வாங்கிப் பெரிய வட்டமாகச் சுற்றி வர வேண்டும். கிடக்கும் சாணத்தைத் தொட்டுச் சூடு பார்த்து எவ்வளவு நேரத்துக்கு முன் யானை போனது என்று சொல்பவரும் அவர்தான். அத்தனை வித்தையும் அவருடையது. படத்தில் அவர் ஓரமாக நிற்பார், இல்லையென்றால் இருக்கவே மாட்டார்.

யானை விழுந்த சேதி ஊருக்குப் போனதும் ஜனம் கத்தியும் கோடரியும் பாத்திரமுமாக வந்துவிடும். சில மணி நேரத்தில் அந்த இடத்தில் மிஞ்சுவது அதிகமில்லை. கறியை நீள நீளமாக அரிந்து உப்புக்கண்டம் போடுவதுபோல் கொடியில் காயவைப்பார்கள். தந்தமும் தோலும் வெளிநாட்டுக்காரருக்கு, கறி ஊருக்கு. பார்க்கக் கொடூரமாக இருக்கலாம். வறட்சிக் காலத்தில் அந்தக் கறிதான் அவர்கள் வீட்டு அடுப்பில் ஏறும்.

சரி, பணம் எங்கே போகிறது? இங்கேதான் எல்லாம் இருக்கிறது. போட்ஸ்வானாவின் வடக்கே சன்குயோ என்று ஒரு சின்ன ஊர். 2010இல் அங்கே 22 யானைகள் உள்பட வேட்டையாடப்பட்ட விலங்குகளிலிருந்து ஊருக்குக் கிட்டத்தட்ட 6 லட்சம் டாலர் வந்தது. அதில் கழிப்பறை கட்டினார்கள், தண்ணீர்க் குழாய் போட்டார்கள், பலருக்கு வேலையும் கிடைத்தது. 2014இல் அன்றைய அதிபர் இயன் காமா வேட்டையைத் தடை செய்தார். உலகம் கைதட்டியது. ஊரில் வருமானம் நின்றது, வேலை போனது, யானை மட்டும் வழக்கம்போல் வந்து கொல்லையை மிதித்துவிட்டுப் போனது. 2019இல் அடுத்த அதிபர் மசிசி தடையை நீக்கியபோது ஐரோப்பாவில் எழுந்த கூச்சலில் பாதியாவது 2014இல் அந்த ஊருக்காக எழுந்திருந்தால் நான் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன். 2024 ஏப்ரலில், வேட்டைப் பொருள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவரும் யோசனையில் இருந்த ஜெர்மனிக்கு 20,000 யானைகளை அனுப்பி வைக்கிறேன், நீங்கள் கூட இருந்து பாருங்கள் என்று மசிசி சொன்னதைப் பலரும் வேடிக்கைச் செய்தியாகக் கடந்து போனார்கள். சுமார் 1,30,000 யானைகள் இருக்கும் நாட்டின் அன்றைய அதிபர் அவர். அதில் இருந்த ஆத்திரம் எனக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை.

நமீபியாவையும் பாருங்கள். 1996இல் சட்டம் கொண்டுவந்து, விலங்குகள் மீதான வருமான உரிமையை அந்தந்த ஊர் மக்களே நடத்தும் அமைப்புகளுக்குக் கொடுத்தார்கள். முதலில் பதிவானவற்றில் ஒன்று நியே நியே, அங்கே இருப்பவர்கள் சான் பழங்குடியினத்தின் ஜு ஹோன்சி மக்கள். வேட்டைப் பணத்திலிருந்து உறுப்பினர்களுக்கு ரொக்கம் போகிறது, கறி போகிறது, யானை பிடுங்கிப் போடாதபடி தண்ணீர்த் தொட்டிகளைச் சுற்றி அரண் கட்டவும் செலவாகிறது. இந்த மக்களிடம் போய், உங்கள் காட்டில் வேட்டை வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கு எங்கிருந்து வந்தது?

"வேட்டைக்குப் பதில் சுற்றுலா நடத்தலாமே" என்பது அடுத்த கேள்வி. கென்யாவின் மசாய் மாராவில் நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. அங்கே நில உரிமையாளர்களுக்கு விடுதிகள் வாடகை கொடுக்கின்றன. ஆனால் மாரா திறந்த புல்வெளி, நின்ற இடத்திலிருந்தே சிங்கம் தெரியும், விமான ஓடுதளம் பக்கத்திலேயே. அடர்ந்த மோபேன் புதர்க்காடு, முதுகைத் துளைக்கும் ட்செட்சி ஈ, தண்ணீர் இல்லை, சாலை இல்லை என்று இருக்கும் இடத்துக்குக் கேமராவோடு யார் வருவார்கள்? வேட்டைக்காரர் வருகிறார். அவரும் வராமல் போனால் அந்தக் காடு சோள வயலாகவும் மாட்டு மேய்ச்சலாகவும் மாறும். கென்யா 1977இலேயே வேட்டையைத் தடை செய்தது. அதற்குப் பிந்தைய நாற்பது வருஷத்தில் அதன் மேய்ச்சல் நிலங்களில் காட்டு விலங்குகள் மூன்றில் இரண்டு பங்கு குறைந்துவிட்டன. தடைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, வேலி, மாடு, மக்கள்தொகை, திருட்டு வேட்டை எல்லாம் சேர்ந்துதான். தடை போட்டதால் மட்டும் விலங்கு பிழைத்துவிடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு என்னை வேட்டைக்காரர்களின் ஆள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர்களோடு எனக்கு இருக்கும் சண்டை இன்னும் பெரிது.

"நாங்கள்தான் காட்டைக் காப்பாற்றுகிறோம்" என்று அவர்கள் சொல்வதில் பாதி இடங்களில் உண்மை இல்லை. ஜிம்பாப்வேயின் கேம்ப்ஃபயர் திட்டம் 1989இல் ஊர் மக்களுக்கென்றே தொடங்கியது. பணம் மாவட்டக் கவுன்சில் வழியாகப் போனதால் வழியிலேயே கரைந்தது, குடும்பத்துக்கு வருஷத்துக்குச் சில டாலர்கூட மிஞ்சாத இடங்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவில் இன்னும் மோசம். அங்கே ஆயிரக்கணக்கான சிங்கங்களைப் பண்ணையில் வளர்க்கிறார்கள். குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துச் சுற்றுலாப் பயணிகள் கொஞ்சக் கொடுக்கிறார்கள், வளர்ந்ததும் வேலிக்குள் விட்டுச் சுடக் கொடுக்கிறார்கள், எலும்பை ஆசிய நாடுகளுக்கு ஏற்றுமதியும் செய்து வந்தார்கள். இதற்கு எந்தக் காடும் வாழவில்லை, எந்த ஊரும் பிழைக்கவில்லை. 2021இல் அரசே இதை முடிவுக்குக் கொண்டுவருவதாக அறிவித்தது, அதை நாளையே செய்தாலும் தாமதம்தான். போகிற வழியில் சிங்கக்குட்டியோடு போட்டோ எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து போகாதீர்கள்.

அப்புறம் அந்தக் "கிழட்டு ஆண்" வாதம். வயதான ஆண் விலங்கு இனத்துக்குப் பயன்படாது, அதைச் சுட்டால் நஷ்டமில்லை என்பார்கள். குட்டிகள் வளர்ந்து ஆளாகிவிட்ட சிங்கத்தைப் பொறுத்தவரை இதில் ஓரளவு நியாயம் உண்டு, அதனால்தான் மொசாம்பிக்கின் நியாசாவில் ஆறு வயதுக்குக் கீழ் சுடக் கூடாது என்று விதி வைத்தார்கள். இளம் ஆணைச் சுட்டால் அதன் இடத்துக்கு வரும் வேறொரு ஆண் சிங்கம், அங்கிருக்கும் குட்டிகளைக் கொன்றுவிடும். யானைக்கு இந்த வாதம் பச்சைப் பொய். நாற்பதைத் தாண்டிய கொம்பன்தான் முழு வீரியத்தில் மதம் பிடித்து அதிகம் இனம் பெருக்குகிறது என்பதைக் கென்யாவின் அம்போசெலி பூங்காவில் பல பத்தாண்டு ஆய்வு காட்டியிருக்கிறது. பெரியவர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பெர்க் பூங்காவில் பார்த்தார்கள். அதே நாட்டின் க்ரூகர் பூங்காவில் தாய்க்கூட்டம் கொல்லப்பட்டு அநாதையாகக் கொண்டுவரப்பட்ட இளம் ஆண் யானைகள் 1990களில் நாற்பதுக்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் குத்திக் கொன்றன. 1998இல் க்ரூகரிலிருந்து ஆறு பெரிய ஆண் யானைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். கொலை நின்றது.

அதனால்தான் அம்போசெலி விஷயத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. கென்யாவின் அம்போசெலி யானைகளுக்கு நாட்டு எல்லை தெரியாது, தெற்கே தான்சானியாவின் எண்டுவிமெட் பக்கம் போய் மேய்ந்துவிட்டு வரும். 1990களின் நடுவிலிருந்து எல்லையோரத்தில் அவற்றைச் சுடுவதில்லை என்று ஒரு புரிதல் இருந்தது. 2023 செப்டம்பரில் அது உடைந்தது, சில மாதங்களுக்குள் தரையைத் தொடும் தந்தமுள்ள பெரிய கொம்பன்கள் அடுத்தடுத்து விழுந்தன. அப்படிப்பட்ட யானைகள் ஆப்பிரிக்கா முழுக்கவே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் மிச்சம். இங்கே எல்லைக்கு வடக்கே இருக்கும் மசாய் குடும்பங்களை யாரும் கேட்கவில்லை. அந்த யானையைப் பார்க்க வரும் பயணிகளை நம்பிப் பிழைப்பவர்கள் அவர்கள்.

எல்லையோரத்து வேட்டைப் பகுதியை மட்டும் நிரந்தரமாக மூடச் சொல்லும் மனு யாரிடமாவது இருந்தால் லிங்க் அனுப்புங்கள், இன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன். மொத்தத் தடை கேட்கும் மனுவை அனுப்புகிறவர்கள், சன்குயோவுக்கு வருஷாவருஷம் அந்தப் பணத்தை யார் கொடுப்பார்கள் என்பதையும் அதிலேயே எழுதி அனுப்புங்கள்.