பொட்டியத் தொறக்கக் கூடாது

அமெரிக்காவுல நூறு வருஷம் முன்னாடி ஓடின எலக்ட்ரானிக் வைத்தியத்தோட பழைய கடுதாசி, ரசீது, நோயாளி கார்டு இதெல்லாம் எதுக்குப் பாதுகாக்கணும், பழைய பேப்பர்காரனுக்குப் போட வேண்டியதுதானேன்னு ஒரு ஃபிரண்ட் கேட்டாரு. எனக்குச் சுள்ளுனு வந்துச்சு.

கதை தெரியாதவங்களுக்கு. இத ஆரம்பிச்சது சான் ஃபிரான்சிஸ்கோவுல ஆல்பர்ட் ஆப்ராம்ஸ்னு ஒருத்தர், முறையா படிச்ச டாக்டர்தான். நீங்க நேர்ல போகவே வேணாம், காகிதத்துல ஒரு சொட்டு ரத்தத்தக் காயவெச்சு தபால்ல அனுப்பினா போதும். அத ஒரு பொட்டிக்குள்ள போட்டு, அதுலேருந்து வயர் இழுத்து சம்பந்தமே இல்லாத, நோய்நொடி இல்லாத ஒரு ஆளோட நெத்தியில ஒட்டி, அவர சட்டையில்லாம மேற்கப் பாத்து நிக்கவெச்சு, மங்கின வெளிச்சத்துல அவர் வயித்தத் தட்டித் தட்டிப் பாப்பாங்க, நாம பலாப்பழம் வாங்குறப்ப தட்டுவோமே அப்படி. எந்த எடத்துல சத்தம் மந்தமா கேக்குதோ அத வெச்சு உங்களுக்கு என்ன வியாதின்னு சொல்லிருவாங்க. வைத்தியத்துக்கு ஆசிலோக்ளாஸ்ட்னு தனிப் பொட்டி. மத்த வைத்தியருங்களுக்கு அது விலைக்குக் கிடையாது, வாடகை மட்டும்தான், அதுவும் தொறந்து பாக்க மாட்டேன்னு ஒத்துக்கிட்டாத்தான்.

1923ல சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகை விசாரிக்க எறங்குச்சு. ஆப்ராம்ஸ் முறைய நம்பின ஒரு டாக்டர்கிட்ட ஆறு குப்பியில கிருமி குடுத்து என்னென்னன்னு கேட்டாங்க. ஆறும் தப்பு. லேபிள் சிவப்பு மையில எழுதியிருக்கு, அதோட அதிர்வு கெடுத்துருச்சுன்னாரு. சரின்னு வேற லேபிள் ஒட்டிக் குடுத்தாங்க, மறுபடியும் தப்பு. விசாரணை முடியறதுக்குள்ள 1924 ஜனவரில ஆப்ராம்ஸே நிமோனியாவுல போயிட்டாரு, ஆனா யாவாரம் போகல. 1950கள்ல கூட அவர் வழியில வந்த ஒரு அமைப்புக்கு அரசாங்க ஆளுங்க ரகசியமா ரத்தம் அனுப்பிப் பாத்தாங்க. கால் எடுத்த ஒருத்தரோட ரத்தத்துக்கு, இல்லாத அந்தக் கால்லயே மூட்டுவாதம்னு பதில் வந்துச்சு. சேவலுக்கு சைனஸ், கூடவே பல்லு சரியில்லையாம்!

சிரிச்சுட்டுப் போயிரலாம்தான். ஆனா இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? ஏமாத்து வேலையக் கண்டுபுடிச்சவங்க ஃபைல் போட்டு வெச்சதால. சிகாகோவுல அமெரிக்க மருத்துவச் சங்கத்துல ஆர்தர் க்ராம்ப்னு ஒரு மனுஷன் 1906லேருந்து போலி வைத்தியம் பத்தி வந்த கடிதம், விளம்பரம் எல்லாத்தையும் சேத்தாரு, அந்தத் தொகுப்பு இன்னைக்கும் இருக்கு. பெரிய வேலை, மறுக்கல. ஆனா அது போலீஸ் ஸ்டேஷன் ரெக்கார்டு மாதிரிதானே? எதிர்த்தரப்பு என்ன நெனச்சுச்சுன்னு அதுல எவ்வளவுதான் இருக்கும்? நம்பி ரத்தம் அனுப்பினவங்களும், நம்பியே வயித்தத் தட்டினவங்களும் எழுதி வெச்சது அவங்கவங்க வீட்டுப் பரண்லதான் கெடக்கும், தாத்தா பண்ணின காரியம் வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு பேரப்புள்ளைங்க கொளுத்திருவாங்க. ஏமாத்தினவர் எத்தன பேரு, தானே ஏமாந்தவர் எத்தன பேருன்னு அந்தக் காகிதம் இல்லாம யாரும் பிரிச்சுச் சொல்ல முடியாது. எல்லாரையும் ஒரே மூட்டையில கட்டி ஃப்ராடுன்னு எழுதுறது சோம்பேறித்தனம்னுதான் நான் சொல்வேன்.

அந்தப் பொட்டிய வாடகைக்கு எடுத்தவங்கள்ல ஒருத்தராச்சும் ராத்திரி கதவச் சாத்திட்டு ஸ்க்ரூடிரைவர எடுத்திருப்பாரு. உள்ள அர்த்தமே இல்லாத வயர் சுருளப் பாத்துட்டு, திரும்ப மூடிட்டு, காலைல வழக்கம்போல க்ளினிக்கத் தொறந்திருப்பாரு. அவரோட டைரி எனக்கு வேணும்.