குழந்தைகளுக்கான ரெகே என்றால் பேஸை எடுத்துவிட வேண்டுமா?

போன வாரம் மகளைத் தூங்கவைக்க யூடியூபில் ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லியின் பாட்டுகளைக் குழந்தைகளுக்கான பதிப்பில் தேடினேன். வந்ததில் பாதிக்கு மேல் சைலோபோனும் மணிச் சத்தமும்தான். 'த்ரீ லிட்டில் பேர்ட்ஸ்' மெட்டு அப்படியே இருக்கிறது, ஆனால் டிரம்ஸ் இல்லை, அடியில் உறுமும் பேஸ் கிட்டார் இல்லை, அடிக்கும் அடிக்கும் நடுவே 'சக், சக்' என்று வெட்டும் ரிதம் கிட்டாரும் இல்லை. அவள் தூங்கவும் இல்லை, ஆடவும் இல்லை. என் கையிலிருந்து போனைப் பிடுங்கி வேறு எதற்கோ போய்விட்டாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ரெகேயின் உயிரே அடியில் இருக்கிறது. 'ஒன் டிராப்' என்பார்கள். நான்கு எண்ணிப் பாருங்கள், ஒன்றில் அடி விழாது, மூன்றில்தான் ஸ்னேர் என்ற சின்ன டிரம்மும் காலால் அடிக்கும் பெரிய டிரம்மும் சேர்ந்து விழும். சமத்தில், அதாவது முதல் அடியில், தட்டிப் பழகிய கைக்கு முதலில் கொஞ்சம் தடுமாறும், ஆனால் உடம்பை இழுப்பதே அந்தக் காலியான முதல் அடிதான். மார்லியின் வெய்லர்ஸ் குழுவில் கார்ல்டன் பாரெட் டிரம்ஸ், அவர் அண்ணன் ஆஸ்டன் பேஸ். அந்த இருவர் வாசிப்பதைப் போட்டால் மூன்று வயதுப் பிள்ளை சரியாக அந்த மூன்றில் முழங்காலை மடக்குகிறாள். அவளுக்கு இன்னும் ஐந்துக்கு மேல் ஒழுங்காக எண்ண வராது. இதைப் போய்க் குழந்தைக்கு அதிகம் என்று யார் முடிவு செய்தது?

பாட்டை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜமைக்காவில் அது அன்றாடம் நடப்பது. ஒரு பேஸ் வரியும் டிரம்ஸும் சேர்ந்ததை அவர்கள் ரிதிம் என்பார்கள், அதே ரிதிமின் மேல் பத்துப் பேர் பத்து விதமாகப் பாடுவார்கள். வார்த்தை மாறும், அடித்தளம் இருக்கும். குழந்தைப் பதிப்புக்காரர்கள் அதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

சரியாகச் செய்தவர்களும் உண்டு, அதுவும் பிள்ளைகளே. மைட்டி டைமண்ட்ஸ் குழுவின் 'பாஸ் த கூச்சி' கஞ்சாப் பாட்டு, கூச்சி என்றால் நம்மூர் சிலும்பி மாதிரி. (கஞ்சா என்ற சொல்லே 1845-லிருந்து ஜமைக்காவுக்குக் கப்பலேறிய இந்தியக் கூலித் தொழிலாளர்களோடு போனதுதான்.) அந்தப் பாட்டே ஸ்டூடியோ ஒன் என்ற ஜமைக்கா இசை நிறுவனத்தின் பழைய 'ஃபுல் அப்' ரிதிமின் மேல் பாடியது. அதை 1982-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஐந்து பையன்கள், மியூசிக்கல் யூத், எடுத்துப் பாடினார்கள். கூச்சி போய் டச்சி வந்தது, அதாவது ஜமைக்கா வீடுகளில் சோறு சமைக்கும் கனமான சட்டி. கஞ்சா இல்லாமல் எப்படி இருக்கிறது என்று கேட்ட இடத்தில் சாப்பாடு இல்லாமல் எப்படி இருக்கிறது என்ற கேள்வி வந்தது. ஒன்றிரண்டு சொல்தான் மாறியது, புகைப் பாட்டு பசிப் பாட்டாகிவிட்டது! பேஸ் அப்படியே உறுமியது. பிரிட்டனில் அது முதலிடத்துக்குப் போனது.

இன்னொரு விஷயம், சோகத்தைத் துடைத்தெடுப்பது. 1976 டிசம்பர் 3 அன்று கிங்ஸ்டனில் மார்லி வீட்டுக்குள் துப்பாக்கியோடு நுழைந்தார்கள். அவருக்கும் மனைவி ரீட்டாவுக்கும் மேனேஜருக்கும் குண்டு பட்டது. இரண்டு நாள் கழித்து அந்தக் காயத்தோடேயே மேடையேறினார், அப்புறம் நாட்டை விட்டு லண்டன் போனார். 1977-இல் வந்த 'எக்ஸோடஸ்' ஆல்பம் அங்கே உருவானது, மூன்று குருவிப் பாட்டு, அதாவது 'த்ரீ லிட்டில் பேர்ட்ஸ்', அதில்தான் இருக்கிறது. கவலைப்படாதே என்று சொல்லும் குரல் கவலை தெரியாத குரல் இல்லை. குழந்தையிடம் இந்தக் கதையைச் சொல்ல வேண்டாம், ஆனால் அந்தக் குரலையும் அந்த நிதானத்தையும் அதன் காதில் படவிடலாம் இல்லையா? மார்லியின் மகள் செடெல்லா அதே பாட்டை 2012-இல் படப் புத்தகமாக்கினார், மகன் ஸிக்கி 2009-இல் அப்பாவின் பாட்டுகளைக் குழந்தைகளுக்கென்று ஒரு ஆல்பமாகத் தொகுத்தபோது அப்பாவின் குரலை விட்டுவிடவில்லை. எனக்கு அது போதும்.

எல்லாப் பாட்டையும் குழந்தைக்கு ஏற்றதாக ஆக்கியே தீர வேண்டும் என்றும் இல்லை. ஷெரிஃபைச் சுட்டேன் என்று மார்லி பாடும் 'ஐ ஷாட் த ஷெரிஃப்' பத்து வயதில் கேட்கட்டும், என்ன அவசரம்.

நேற்று ராத்திரி சமையலறையில் பழைய ஸ்பீக்கரை எடுத்து வைத்து மியூசிக்கல் யூத் போட்டேன். மகள் ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அது அதிர அதிரச் சிரித்தாள். டச்சி என்றால் என்ன என்று கேட்டாள். எங்கள் இரும்புச் சட்டியை எடுத்துக் கொடுத்து, இதை இடது பக்கம் இருப்பவருக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்றேன். இடது கை எது என்று கொஞ்ச நேரம் இரண்டு கையையும் பார்த்துவிட்டு, சட்டியைத் தூக்க முடியாமல் தூக்கி, பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த பாட்டியின் மடியில் வைத்தாள்.