கந்தளாய்க் குளத்து நீர் ஆலைகளுக்கு எதற்கு?

கடந்த வாரக் கூட்டத்தில் நடந்ததை உங்களில் பலர் காணொளியில் பார்த்துவிட்டீர்கள். அதை மீண்டும் விவரிக்க எனக்கு மனமில்லை. திருகோணமலைக்கு வரும் தொழிற்சாலைகள் சுத்திகரித்த கழிவுநீரையே பயன்படுத்த வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், "மலசலகூடத் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவரப் பார்க்கிறார்" என்று ஒருவர் எழுந்து கத்தினார்; மண்டபம் கைதட்டியது. அதற்குப் பிறகு என்னைப் பேசவே விடவில்லை.

எவரையும் நான் அதைக் குடிக்கச் சொல்லவில்லை. கொதிகலனுக்கும் குளிர்விப்புக் கோபுரத்துக்கும் சாயத்தொட்டிக்கும் குடிநீர் எதற்கு என்றுதான் கேட்டேன். குளிர்விப்புக் கோபுரத்துக்குப் போகும் நீரில் பெரும்பகுதி ஆவியாகிவிடுகிறது. நகரத்துக் குழாய்களுக்கும் தம்பலகாமத்து வயல்களுக்கும் வரும் கந்தளாய்க் குளத்து நீரை அப்படி ஆவியாக்கக் கொடுப்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றிய செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே ஆண்டில்தான் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லீற்றர் கொள்ளளவுள்ள கழிவுநீர் மீள்சுத்திகரிப்பு நிலையங்கள் தொடங்கப்பட்டன. ஒன்றின் நீர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஆலைகளுக்கும், மற்றதன் நீர் மணலி ஆலைகளுக்கும் போகிறது. சிங்கப்பூரில் 2003 முதல், கழிவுநீரிலிருந்து நுண்வடிகட்டி, உப்பைப் பிரிக்கும் சவ்வு, புற ஊதாக் கதிர் என மூன்று கட்டங்களைத் தாண்டி வரும் 'நியூவாட்டர்', தூசு துளியும் ஆகாத கணினிச் சில்லு ஆலைகளுக்கே பயன்படுகிறது. சில்லு கழுவப் போதுமான நீர் நம் ஊர்க் கொதிகலனுக்குப் போதாதா?

செலவு அதிகம் என்கிறீர்கள். இலாபம் ஆலைக்கென்றால் செலவும் ஆலைக்கே. நம் நகரின் பெரும்பாலான வீடுகள் மலக்குழிகளை நம்பியிருக்கையில் கழிவுநீருக்கு எங்கே போவது என்கிறீர்கள். ஆலை முதலில் தன் கழிவுநீரை மீட்கட்டும், உப்புவெளி, நிலாவெளி விடுதிகளின் கழிவுநீரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சவ்வு பிரித்துவிடும் உவர்க்கழிவைக் குடாவில் கலந்தால் மீனவர் கதி என்ன என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அது நியாயமான அச்சம். நொய்யல் ஆற்றைக் கெடுத்த திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்ன பிறகுதான், கழிவைத் துளியும் வெளியே விடாமல் உப்பு வேறு, நீர் வேறாகப் பிரித்தெடுக்க அங்கே வழி பிறந்தது. அதற்கு மின்சாரம் நிறையச் செலவாகும், உண்மைதான். ஆனாலும் அந்த நிபந்தனையை உரிமத்திலேயே எழுதாமல் எந்த ஆலையையும் திறக்க விடக்கூடாது.

என் அப்பா தம்பலகாமத்தில் வயல் செய்தவர். குளம் வற்றிய வருடங்களில், சிறுபோகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இவ்வளவு காணிதான் விதைக்கலாம் என்று சொல்லிவிடுவார்கள். அவர் மறுபேச்சில்லாமல் பாதிக் காணியைத் தரிசாக விட்டதையும், அடகில் இருந்த அம்மாவின் காப்பு மீளாமலே போனதையும் பார்த்து வளர்ந்தவன் நான். எந்த ஆலையையும் பாதி இயந்திரங்களை நிறுத்தச் சொல்லி எவரும் கூட்டம் போட்டதை நான் அறியேன். கமக்காரன் மட்டும்தான் விட்டுக்கொடுக்கப் பிறந்தவனா? இதைக் கேட்டதற்காக என்னைக் கம்பனியின் ஆள் என்று எழுதியவர்களில் என் அப்பாவின் வரம்பில் நடந்தவர்களும் இருப்பதுதான் எனக்கு ஆறவில்லை.

அடுத்த கூட்டத்துக்கும் வருவேன். ஆலை குளத்திலிருந்து நாளொன்றுக்கு எத்தனை லீற்றர் கேட்கிறது, அதில் எவ்வளவை மீட்டுப் பயன்படுத்தும், உவர்க்கழிவு எங்கே போகும் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும்.