உடைந்த மட்டியும் கணக்கில் சேரும்

போன சனிக்கிழமை ராத்திரி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக் கோப்பாலிஸ் கடற்கரையில் பார்த்தது மனசை விட்டு அகலவே இல்லை, எழுதித்தான் ஆக வேண்டும். எனக்கு நாலடி முன்னால் ஒருவர் மட்டி தோண்டிக்கொண்டிருந்தார். தோண்டும் குழாயை மணலுக்குள் அழுத்தி, இழுத்து, மணலைக் கொட்டிப் பார்ப்பார். சின்னதாக இருந்தால் பூட்ஸ் காலாலேயே குழிக்குள் தள்ளிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார். அவர் போன வழியில் விளக்கை அடித்துப் பார்த்தேன், ஆறேழு கிடந்தன, இரண்டு ஓடு நொறுங்கி.

வாஷிங்டன் மாநிலத்தில் ரேஸர் கிளாம் என்ற இந்த மட்டிக்கு விதி ரொம்ப எளிது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 15. முதலில் வெளியே வரும் 15, சின்னதோ பெரியதோ, முழுசோ உடைஞ்சதோ, அதுதான் உங்களுடையது. நம் ஆட்கள் பலரும் இதை அநியாயம் என்கிறார்கள். "சின்னதைத் திரும்ப விட்டால் வளரும்தானே, நண்டுக்கு அப்படித்தானே செய்கிறோம்?" என்று கேட்கிறார்கள். நண்டு நடந்து போய்விடும். இந்த மட்டியின் ஓடு நகத்தைப் போல மெல்லியது. மண்வெட்டி பட்டால் விரிசல், இழுத்தால் கால் அறுந்துவிடும். அந்தக் காலை மணலுக்குள் செலுத்தி, நுனியை நங்கூரம் மாதிரி விரித்து, உடம்பை இழுத்துக்கொண்டுதான் அது நேராகக் கீழே இறங்கும், அதுவும் நாம் குனிந்து கை விடுவதற்குள். கால் போன மட்டி இறங்காது. குழிக்குள் போட்டு மூடினாலும் பெரும்பாலும் செத்துத்தான் போகும். அப்படியானால் நீங்கள் விட்டது உயிரை இல்லை, குப்பையை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காரில் தூங்கும் குழந்தையின் பேரிலும் 15 தோண்டுவது தப்பு. அவரவர் பங்கை அவரவர்தான் தோண்ட வேண்டும், பையும் தனித்தனியாக.

இந்தக் கடற்கரை எப்போதும் திறந்திருப்பதில்லை என்பதையும் நினைக்க வேண்டும். 1980களின் நடுவில் செவுளைத் தாக்கிய ஒரு நோயில் மட்டிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. 1991இல் டோமோயிக் அமிலம் கண்டுபிடிக்கப்பட்டு மூடினார்கள். நுண்பாசியிலிருந்து வரும் நஞ்சு அது, நினைவாற்றலையே பறிக்கும், வேகவைத்தாலும் ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது, மட்டிக்குள் மாதக்கணக்கில் தங்கும். 2015இலும் அதே கதை. அதனால் ஒவ்வொரு முறையும் பரிசோதித்த பிறகுதான் தோண்ட விடுகிறார்கள். பல கரைகளில் அமெரிக்க அரசோடு செய்த ஒப்பந்த உரிமைப்படி குவினால்ட் போன்ற பழங்குடி மக்களுக்கும் பங்கு உண்டு, நமக்கு ரொம்ப காலம் முன்னாலிருந்தே இந்த மட்டியில் வாழ்ந்தவர்கள் அவர்கள். நாம் காலால் தள்ளிவிட்டுப் போவது அவர்களுடைய கரையிலும்தான் குறைகிறது.

நானும் முதல் வருஷம் அதைத்தான் செய்தேன். மட்டி இருக்கும் இடத்தில் மணலில் காசு அளவுக்கு ஒரு குழிவு தெரியும், அங்கே மண்வெட்டியை அவசரமாக இறக்கி மட்டியை இரண்டாக வெட்டிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை என்று ஓரமாகப் போட்டேன். பக்கத்தில் தோண்டிக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர் அதை எடுத்து, அலையில் அலசி, ஒரு வார்த்தை பேசாமல் என் பையில் போட்டார். அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது. அப்புறம் அவரே காட்டிக்கொடுத்தார்: மண்வெட்டியைக் குழிவிலிருந்து அரைச் சாண் தள்ளி, கடல் பக்கமாக நிறுத்து, மணலை மெதுவாக எடு, கையை விட்டுக் கழுத்தைப் பிடி, உடனே இழுக்காதே, அது தளரும்வரை பிடித்துக்கொண்டே இரு. விரலுக்குள் அது கீழே இழுப்பது தெரியும், என்ன பலம்!

சனிக்கிழமை என் 15இல் நாலு உடைந்தவை, இரண்டு என் விரல் நீளம்கூட இல்லை. கொதிநீரை ஊற்றியதும் ஓடு தானாகத் திறந்தது, கறுத்த குடலை வெட்டி எறிந்துவிட்டு, உடைந்ததில் ஏறியிருந்த மணல் போக மூன்று தண்ணீரில் அலசினேன். சின்ன வெங்காயம், மிளகு, கடைசியில் ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூ, இரண்டே நிமிடம் சட்டியில். அந்த இரண்டு குட்டி மட்டிகள்தான் எல்லாவற்றையும்விட மெத்தென்று இருந்தன.